மறியல்: எண்ணூர்க் கரையில் சட்ட மறுப்பின் வரலாறு

அநீதி என்று தாம் கருதும் ஒரு சட்டத்தையோ அரசாணையையோ மக்கள் பட்டப்பகலில், பலர் அறிய, கையில் ஆயுதம் ஏந்தாமல், வரும் தண்டனைக்கும் தயாராக நின்று மீறுவதே சட்ட மறுப்பு. கணக்கை மறைத்து வரி ஏய்ப்பவரை யாரும் பார்த்துவிடக் கூடாது. இந்த வரியைக் கட்ட மாட்டேன் என்று தாசில்தார் அலுவலக வாசலில் உட்காருபவரை எல்லோரும் பார்க்க வேண்டும். சென்னையின் வட கோடியில், திருவொற்றியூர் மண்டலத்தைச் சேர்ந்த எர்ணாவூரில், இது பெரும்பாலும் சாலை மறியலாக வடிவெடுக்கிறது. கடல் அரித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால், அலையைத் தடுக்கும் கல் சுவரான தூண்டில் வளைவு கேட்டு எண்ணூர் விரைவுச் சாலையில் உட்காருவார்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். காவல் ஆய்வாளர் வருவார், வட்டாட்சியர் வருவார், பேச்சு நடக்கும். சில வாரத்தில் கல் ஏற்றிய லாரி வரும், வராமலும் போகும்.

இந்தக் கரைக்கு மறியல் புதிதல்ல. 1680இல் துணிக்குச் சாயமெழுதும் கைவினைஞர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியோடு முரண்பட்டு, புனித ஜார்ஜ் கோட்டைப் பட்டணத்தை விட்டு வெளியேறிச் சாந்தோமில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். 1686இல், நகர மதில் கட்டுவதற்கென்று கம்பெனி வீட்டு வரி விதித்தபோது பட்டணத்தார் கடைகளை அடைத்து வேலையை நிறுத்தினார்கள். ஆட்சியாளரைத் தாக்காமல், அவருக்குத் தரும் ஒத்துழைப்பை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளும் இந்த முறை, அதற்குத் தத்துவப் பெயர் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே இங்கே நடைமுறையில் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹென்றி டேவிட் தோரோ வரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்தது 1846இல்தான். அதை விளக்கி அவர் எழுதிய கட்டுரை 1849இல் வெளிவந்தது.

வட சென்னையில் இந்த வரலாறு உப்போடு பிணைந்தது. 1805இல் சென்னை மாகாணத்தின் உப்பு, கம்பெனி அரசின் தனியுரிமை ஆனது. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் உப்பளங்களில் விளைந்த உப்பு, எண்ணூர் வரை வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாயில் படகேறிப் பட்டணத்து உப்புக் கொட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கால்வாய்தான் பிற்காலப் பக்கிங்காம் கால்வாய். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவர் தன் வீட்டுக்குக் கடல்நீரைக் காய்ச்சினால் குற்றவாளி என்றது சட்டம்.

இதே கரையிலிருந்து இன்னொரு சரக்கும் ஏற்றுமதியானது. 1860 அக்டோபரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து கூலி ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, நவம்பர் 16 அன்று டர்பனில் இறக்கியது. அவர்களுக்குப் பின் ஐம்பது ஆண்டுகள் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விழுந்தது. காந்தி 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் தொடங்கிவைத்த சத்தியாகிரகத்தில், பெரும் எண்ணிக்கையில் சிறை சென்றவர்கள் தமிழர்களே. சிறை வாழ்க்கை தந்த நோயில் 1909இல் நாகப்பன் இறந்தார். 1913இல் பெண்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் மாகாண எல்லையைக் கடந்து கைதானார்கள்; அவர்களில் ஒருவரான தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் உயிர்விட்டார். அந்த ஆண்டே தலைவரி நீக்கப்பட்டது. சத்தியாகிரகத்தின் பெயரைச் சொல்லும்போது அதன் முதல் படையில் நின்ற சுரங்கத் தொழிலாளியையும் கரும்புத் தோட்டக் கூலியையும் மறந்துவிடும் பழக்கம் நம் பாடநூல்களுக்கு உண்டு. தென்னாப்பிரிக்காவில் அந்த ஆயுதத்தைப் பயன்படுத்திப் பார்த்து, அது வேலை செய்யும் என்று நிரூபித்தவர்கள் அவர்கள்.

1919 மார்ச்சில், விசாரணையின்றிச் சிறையிலிட வழிசெய்த ரௌலட் சட்டத்தை எப்படி எதிர்ப்பது என்ற யோசனையோடு காந்தி சென்னைக்கு வந்தார். நாடு முழுவதும் ஒரு நாள் கடையடைப்பு நடத்தலாம் என்ற எண்ணம் இங்கே, விடியற்காலை அரைத்தூக்கத்தில் தோன்றி, முதலில் ராஜாஜியிடம் சொல்லப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஏப்ரல் 6 கடையடைப்பு அப்படிப் பிறந்தது.

பதினோரு ஆண்டு கழித்து ராஜாஜியின் முறை வந்தது. உப்புச் சட்டத்தை மீறுவதற்காக, 1930 ஏப்ரல் 13 அன்று சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார். தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன், நடைப்பயணிகளுக்குச் சோறு போடுபவர்களும் தங்க இடம் கொடுப்பவர்களும் தண்டிக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். வழியோரக் கிராமத்தார் அதற்குக் கண்ட வழி, சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. யார் கொடுத்தார்கள் என்று காவலர்கள் மரத்தையா கேட்க முடியும்? வேதாரண்யத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை உதவிக்கு நிற்க, ஏப்ரல் 30 அன்று ராஜாஜி அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். அந்தப் போரில் ருக்மிணி லட்சுமிபதியும் சிறை சென்றார். அதே வாரங்களில் சென்னைக் கடற்கரையில் தங்குதூரி பிரகாசமும் காசிநாதுனி நாகேசுவர ராவும் முன்னின்று உப்புக் காய்ச்சினார்கள். ஏப்ரல் 27 அன்று திருவல்லிக்கேணியில் துப்பாக்கிச் சூடு நடந்தது.

இதுவரை கதை நேர்க்கோடு. அந்நிய அரசு, வாக்குரிமை இல்லாத மக்கள், மீறுவதைத் தவிர வேறு வழியில்லாத நிலை. சட்ட மறுப்பை அங்கே நியாயப்படுத்துவது எளிது. உண்மையான சோதனை, நம்மவரே நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தொடங்குகிறது.

அந்தச் சோதனை தமிழ்நாட்டில் விடுதலைக்கு முன்பே வந்துவிட்டது; வட சென்னைத் தெருக்களில்தான் வந்தது. 1937இல் தேர்தலில் வென்று ராஜாஜி மாகாணத்தின் பிரதமரானார். 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி அவருடைய அரசு ஆணையிட்டது. சௌகார்ப்பேட்டைப் பக்கத்து இந்து தியாலஜிகல் பள்ளி வாசலில் நாள் தவறாமல் மறியல் நடந்தது. காலையில் ஓர் அணி முழக்கமிட்டு நிற்கும், கைதாகும்; மறுநாள் அடுத்த அணி. அவர்களைச் சிறைக்கு அனுப்ப அரசு எடுத்தது, காங்கிரஸ்காரர்களின் மறியலை ஒடுக்க ஆங்கிலேயர் கொண்டுவந்த அதே குற்றவியல் திருத்தச் சட்டம். எட்டு ஆண்டுக்கு முன் சோற்றுப் பொட்டலத்தைத் தடுத்த ஆட்சியரை எதிர்த்து நடந்தவர், இப்போது மறியல்காரரைச் சிறைக்கு அனுப்பினார். 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டைத் தொடர்ந்து தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உள்ளிட்ட பெண்கள் மறியலுக்கு வந்து கைதானார்கள். மொத்தம் 1,198 பேர் கைதாகி, 1,179 பேர் தண்டனை பெற்றனர். அவர்களில் 73 பேர் பெண்கள். தாயோடு சிறைக்குப் போன குழந்தைகள் 32. 1939 ஜனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் சிறைவாசத்தில் நோயுற்று மாண்டார்கள். இருவரும் அடக்கமானது இராயபுரத்துக்கு அருகே மூலக்கொத்தளத்தில். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது.

தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை எதிர்த்துச் சட்டத்தை மீறலாமா என்ற கேள்விக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் மிக வலிமையான குரல் அம்பேத்கருடையது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, அரசியலமைப்பு வழிகள் திறந்த பிறகு ஒத்துழையாமை, சட்ட மறுப்பு, சத்தியாகிரகம் ஆகியவற்றைக் கைவிட வேண்டும் என்றார். அவற்றை அராஜகத்தின் இலக்கணம் என்றே அழைத்தார். 1927இல் மகாத் குளத்தில் தலித் மக்களைத் திரட்டி நீர் அருந்தியவர் சொன்ன சொல் இது. எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கூட்டம் சேர்த்தவர் நினைத்ததே சட்டம் என்று ஆகிவிட்டால் முதலில் நசுங்குவது எளியவரே என்பதை அவர் அனுபவத்தில் அறிந்தவர். ஆனால் அவருடைய வாதம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: வழிகள் திறந்திருக்க வேண்டும். 1971இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ், ஏறக்குறைய நீதியான ஒரு சமூகத்திலேயே சட்ட மறுப்புக்கு இடம் உண்டு என்று வாதிட்டபோது, அதை அவர் பெரும்பான்மையின் நீதியுணர்வை நோக்கிய முறையீடாகக் கண்டார். வழக்கமான முறையீடுகள் செய்து பார்த்துப் பயனில்லாமல் போன பிறகே அது எழ வேண்டும் என்றார். இருவரும் எதிரெதிர் முனையிலிருந்து வந்து தொடும் இடம் ஒன்றே. கதவு உண்மையில் திறந்திருக்கிறதா என்று பார்க்க எர்ணாவூரை விடப் பொருத்தமான இடம் குறைவு.

எண்ணூர் வட்டாரத்தில் தொழில் குவிந்த வேகம் பெரிது. 1948இல் இன்றைய அசோக் லேலண்டின் முன்னோடி நிறுவனம், 1960களில் உர ஆலையும் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990களில் வட சென்னை அனல்மின் நிலையம், 2001இல் துறைமுகம், 2012 வாக்கில் வல்லூர் மின் நிலையமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும். நகரத்துக்கு மின்சாரமும் பெட்ரோலும் தந்த இந்தக் கரை, பதிலுக்குச் சாம்பலையும் புகையையும் வாங்கிக்கொண்டது. 2004 சுனாமிக்குப் பிறகு, வேறு குப்பங்களில் வீடிழந்தவர்களுக்கான குடியிருப்புகளும் எர்ணாவூருக்கே வந்தன.

கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் சாம்பல் குழாய்கள் உடைந்து, ஆற்றின் தரையே சாம்பல் மேடானபோது, காட்டுக்குப்பத்து மீனவர்கள் மனு கொடுத்தார்கள், பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். மத்திய அரசு 1996இல் ஒப்புதல் அளித்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த கழிமுகம், பின்னால் அதிகாரிகள் காட்டிய வரைபடத்தில் காணாமல் போயிருந்தது. அதை வெளிக்கொண்டு வந்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையிலெடுத்த ஆர்வலர்களும் மீனவர்களும். 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ கழிமுகத்தின் படங்களோடு வெளிவந்து, அடையாறு தாண்டி வடக்கே வந்திராத சென்னைவாசிகளையும் எட்டியது.

இந்த வட்டாரத்துப் போராட்டத்தின் தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. வேதாரண்யத்தில் மக்கள் மீறியது ஒரு கெட்ட சட்டத்தை. சௌகார்ப்பேட்டையில் எதிர்த்தது ஒரு கெட்ட ஆணையை. எண்ணூர்ப் பக்கத்தார் ஒரு நல்ல சட்டம் நடைமுறைக்கு வர வேண்டும் என்பதற்காக, போக்குவரத்துக்கும் கூட்டம் கூடுவதற்குமான சிறு சட்டங்களை மீறுகிறார்கள். கடற்கரை ஒழுங்குமுறையும் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டமும் ஏட்டில் இருக்கின்றன. அவற்றை மீறுபவர்கள் வேறு யாரோ. சாலையில் உட்கார்ந்ததற்காக வழக்கு வாங்குபவர்கள் குப்பத்துப் பெண்கள்.

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய், ஒருகாலத்தில் உப்புப் படகு போன அதே பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்தில் இறங்கியது. முதல் நாள்களில் மீனவர்கள் பக்கெட்டும் குவளையும் கொண்டு கையாலேயே அள்ளினார்கள். 2017இல் கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும் பக்கெட்டுகளே அள்ளின. படகும் வலையும் கறுப்பாகி, மீன் வாங்க ஆளில்லாமல் இருந்த அந்த மாதத்திலேயே, டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன், பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாசலில் காற்றில் அமோனியா கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது. 24 மணி நேரச் சராசரிக்கு உரிய வரம்பு 400.

மறுநாளே மக்கள் ஆலைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். 33 கிராமங்கள் சேர்ந்தன. பந்தல் எழுந்தது, மீனவர்கள் கடலுக்குப் போகாமல் இருந்தார்கள், கடைகள் அடைக்கப்பட்டன. நூறு நாளைத் தாண்டிப் போன அந்தப் போராட்டத்தின் முதுகெலும்பு பெண்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பந்தலுக்கு வருவது, பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது திரும்புவது, மறுநாள் மீண்டும் வருவது என்று வாழ்க்கையையே அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். ஆலையின் கண்ணாடி ஒன்றையாவது உடைத்திருந்தால் செய்தியின் தலைப்பே மாறிப்போயிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

கிடைத்தது என்ன? பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சுற்றுச்சூழல் இழப்பீடாக 5.92 கோடி ரூபாய் கணக்கிடப்பட்டது. 2024 மே மாதம் தீர்ப்பாயம், உரிய துறைகளின் தடையின்மைச் சான்று பெற்ற பிறகே ஆலை இயங்கலாம் என்றது. நிரந்தரமாக மூட வேண்டும் என்ற மக்களின் கோரிக்கை கைகூடவில்லை. இதைத் தோல்வி என்று எழுதிவிடுவது அவசரம். எண்ணூரில் ஓர் ஆலையின் குழாய் எங்கே போகிறது, எச்சரிக்கைச் சங்கு யார் கையில் இருக்கிறது, கசிந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்ற கேள்விகள் அதுவரை அதிகாரிகளின் கோப்புக்குள் இருந்தன. பந்தல் அவற்றை ஊர்க்கேள்வி ஆக்கியது.

அமைதி காத்ததன் அருமை தூத்துக்குடியை நினைத்தால் விளங்கும். அங்கே ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்பின் நூறாவது நாளான 2018 மே 22 அன்று, தடையாணையை மீறி ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் இறந்தனர். 2022இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை, அந்தத் துப்பாக்கிச் சூட்டைக் கடுமையாகக் குறைசொன்னது. சட்ட மறுப்புக்கு இரு தரப்பிலும் கட்டுப்பாடு வேண்டும். மறுப்பவர் கையை ஓங்கக் கூடாது. அரசு, மீறலுக்குச் சட்டம் சொன்ன தண்டனைக்கு மேல் ஒரு துளியும் தரக் கூடாது. முதல் விதியைப் போதிக்காத ஆட்சியாளர் இல்லை. இரண்டாவதை நினைவூட்ட ஆணையங்கள் தேவைப்படுகின்றன.

நீதிமன்றங்கள் எல்லைக்கோட்டை இருபுறமும் வரைந்திருக்கின்றன. 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், தடையாணை மீறலுக்கான அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவில் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாது, உரிய அதிகாரியே நீதித்துறை நடுவரிடம் எழுத்துமூலம் புகார் தர வேண்டும் என்றது. ஆர்ப்பாட்டத்தில் நின்ற ஒரே காரணத்துக்காக ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்த எத்தனையோ பேருக்கு அது விடுதலை. மறுபுறம், 2020 அக்டோபரில் டெல்லியின் ஷாஹீன் பாக் சாலை மறியல் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுச் சாலையைக் காலவரையின்றி ஆக்கிரமிக்க முடியாது, போராட்டம் ஒதுக்கப்பட்ட இடத்தில் நடக்கட்டும் என்றது.

ஒதுக்கப்பட்ட இடம் என்பது சென்னையில் சேப்பாக்கம், வள்ளுவர் கோட்டம், எழும்பூர் பக்கம். வட கோடியில் இருப்பவர் தன் வீட்டுக்கு எதிரே உள்ள புகைபோக்கியைப் பற்றிப் பேச இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் அனுமதி கேட்க வேண்டும் என்பது 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி. பதினைந்து நாளுக்கு மிகாமல் நீடிக்கும் அந்த ஆணை, நகரத்தில் முடிவில்லாமல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. காங்கிரஸ் அதை எதிர்த்தது, பிறகு பயன்படுத்தியது. திராவிடக் கட்சிகளும் அப்படியே. வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டங்களில் எந்த ஆட்சிக்கும் இத்தனை பிரியமானது வேறு இருக்காது. அமோனியா முன்கூட்டி மனுப் போட்டுவிட்டுக் கசிவதில்லை.

2025 ஆகஸ்ட் 1 முதல் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலை தனியார் நிறுவனத்துக்குப் போவதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். பதின்மூன்றாம் நாள், நடைபாதையை விடுவிக்கச் சொன்ன உயர் நீதிமன்ற ஆணையைக் காட்டி, நள்ளிரவை ஒட்டிப் போலீஸ் அவர்களை அகற்றியது. வழக்கம்போல மண்டபங்களில் வைக்கப்பட்டார்கள். கல்யாண மண்டபத்தில் அடைத்துச் சோறு போட்டு மாலையில் விடுவது தமிழ்நாட்டுப் போலீசின் நெடுநாள் வழக்கம். அதில் ஒரு மென்மை உண்டு. மீறலைக் குற்றமாகவும் ஏற்காமல், கோரிக்கையாகவும் கேட்காமல் கலைத்துவிடும் சாமர்த்தியமும் உண்டு.

முறையான வழியாக எண்ணூர் மக்களுக்கு எஞ்சியிருப்பது கருத்துக் கேட்புக் கூட்டம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் எதிர்ப்பால் நடக்காமல் தள்ளிப்போனது. எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கமான 660 மெகாவாட் திட்டத்துக்கு 2024 டிசம்பரில் கூட்டம் நடந்தபோது, பேசியவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். சட்டப்படி அந்தப் பேச்சு பதிவு செய்யப்பட்டு நிபுணர் குழுவுக்கு அனுப்பப்படும். அதைக் கேட்டு நடக்க வேண்டும் என்ற கட்டாயம் அதிகாரிகளுக்கு இல்லை. மைக்கைப் பிடித்துப் பேசியவரின் பெயரும் ஊரும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளப்படுகின்றன. முடிவை அவருக்குத் திரும்ப வந்து சொல்லி, ஏன் அப்படி என்று விளக்கும் கடமை எந்த அலுவலகத்துக்கும் சுமத்தப்படாத வரை, எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் நிற்கத்தான் செய்யும்.